இரண்டு டாக்கை ஒப்பிடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நல்ல சவுண்ட் சிஸ்டம் வைத்திருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் கடைகளில் ஒரு டாக்கை (டிஜிட்டல் பாட்டை, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்புக்கு ஏற்ற மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) கேட்டு மயங்கி வருவார்கள். இல்லையென்றால் நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வருவார்கள். பழைய டாக்குக்குப் பக்கத்தில் புதியதை வைத்து ஒப்பிடத் தொடங்கியதும் போன் வரும்: "அண்ணே, இதுல உம்முனு இரையுது", "அது மங்கலா இருக்கு", "டிக் டிக்குனு வெட்டுது". போய்ப் பார்த்தால் பெரும்பாலும் டாக்கின் மேல் குற்றமே இருக்காது. இணைத்த விதம், செட்டிங், கரண்டு, இந்த மூன்றில் ஒன்றில்தான் வினை இருக்கும். அதைக் கவனிக்காமல் பல ஆயிரம் ரிங்கிட் பொருளை நல்லது, கெட்டது என்று முடிவு கட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். முதலில் கோளாறை நீக்குங்கள், அப்புறம் காதை நம்புங்கள்.

கையில் சில சாமான்கள் வேண்டும். 50 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஆப்டிகல் கேபிள் (சிக்னலை ஒளியாகக் கொண்டுபோவது), வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் (டாக்கிலிருந்து ஆம்ப்புக்கு இடது, வலது என்று போகும் சாதாரண கேபிள்), ஒரே சுருதியில் ஒலிக்கும் 100 ஹெர்ட்ஸ் டோன் ஃபைல் ஒன்று. லோ யாட் பிளாசாவுக்கு ஒரு தடவை போனால் கேபிள்கள் கிடைத்துவிடும். டோன் ஃபைலை இலவச மென்பொருளில் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

## "புதுசு அசத்துது, பழசு உயிரில்லாம இருக்கு"

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இது. கோளாறு மாதிரியே தெரியாது, அதனால் யாரும் சரிசெய்ய நினைப்பதும் இல்லை. இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் சந்தேகம்: சத்த அளவு. ஆர்சிஏ வழியாக வரும் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட் என்பார்கள். நடைமுறையில் ஒன்று 2.0 தரும், இன்னொன்று 2.3 தரும், சிலது 2.5 வரை போகும். 2.0க்கும் 2.3க்கும் உள்ள வித்தியாசம் 1.2 டெசிபெல். அந்த அளவுக்குக் காது "சத்தம் கூட" என்று சொல்லாது. "விவரம் தெளிவா இருக்கு, மிருதங்கத்துல தொப்பி நல்லா இறங்குது, பாடுறவங்க முன்னாடி வந்து நிக்கிறாங்க" என்றுதான் சொல்லும். மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் இணைப்பு வழி என்றால் பொதுவாக 4 வோல்ட். ஒன்றை எக்ஸ்எல்ஆரிலும் மற்றதை ஆர்சிஏவிலும் மாட்டி ஒப்பிட்டால் 6 டெசிபெல் வரை இடைவெளி வரும். அதற்குப் பிறகு நடப்பதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது.

அளப்பது சுலபம். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளங்கள். வால்யூம் மிதமாக, சுமார் 1 வோல்ட் வரும் அளவுக்கு இருந்தால் போதும். ஆய்வு ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆம்ப் பழுதாகிவிடும். மலிவான மீட்டர்கள் 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாகக் காட்டும். அதனால்தான் 100 ஹெர்ட்ஸ். இப்போது அடுத்த டாக்கை மாட்டி அதே டோனை அளங்கள். முதல் டாக் 1.00 வோல்ட் காட்டினால் இரண்டாவது 0.99க்கும் 1.01க்கும் நடுவில் வரவேண்டும். அப்படி வந்தால் இடைவெளி 0.1 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். வரவில்லையென்றால், சத்தம் கூடிய டாக்கின் வால்யூமை அதன் மெனுவிலோ பாட்டு ஓட்டும் மென்பொருளிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

அளவு சரி, இன்னும் வித்தியாசம் பெரிதாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஒரே சிக்னல் போகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஒரு டாக் ஏசியோ டிரைவர் வழியாக நேரடியாகவும், மற்றது எல்லாச் சத்தத்தையும் கலக்கும் விண்டோஸின் சாதாரண மிக்சர் வழியாகவும் ஓடுவது அடிக்கடி நடக்கும். மிக்சர் வழி போனால் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை முறை அலையை அளந்து எண்ணாக்கியது என்ற கணக்கு) உள்ள சிடி ஃபைல் 48க்கு மாற்றப்பட்டு வெளியே வரலாம். டாக்கின் திரையிலேயே இது தெரியும். சிடியிலிருந்து எடுத்த ஃபைல் ஓடும்போது திரையில் 44.1 நிற்க வேண்டும். 48 என்று இருந்தால் மென்பொருளில் எக்ஸ்குளூசிவ் மோடை (மிக்சரைத் தாண்டி நேராக டாக்குக்கு அனுப்புவது) இயக்குங்கள். பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் இரண்டு பக்கமும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபில்டர். மெனுவில் ஃபாஸ்ட், ஸ்லோ என்று பல ஃபில்டர்கள் இருக்கும். ஸ்லோவில் உச்ச ஸ்தாயி கொஞ்சம் சரியும். இரண்டிலும் ஒரே வகையைத் தேர்ந்தெடுங்கள். ஓவர்சாம்பிளிங் (எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாத வகை டாக் என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே சுமார் 3 டெசிபெல் இயல்பாகவே குறையும். வடிவமைப்பே அப்படித்தான். அந்த மென்மை பிடித்து வாங்குபவர்களும் உண்டு, நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் யாரையாவது விட்டு மாற்றி மாற்றி இயக்கச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. அவர் தாளில் குறிக்கட்டும், நீங்கள் உங்கள் தாளில் குறியுங்கள். நன்றாகப் பழகிய ஒரு நாதஸ்வரப் பதிவு அல்லது வீணைப் பதிவு இதற்குப் போதும். கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்குக் கேட்டது நிஜமா இல்லையா என்பது தெரிந்துவிடும். இதற்குத் தொழில்நுட்பர் தேவையே இல்லை.

## "ஒரே மாடல்தான், நண்பர் வீட்டில் இருப்பது வேறு மாதிரி இருக்கு"

மேலே சொன்னபடி அளந்து பார்த்த பின்பும் வேறுபாடு தெரிந்தால், எந்த ஆண்டில் தயாரித்தது என்று பாருங்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில், டாக்குக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. அதற்குப் பிறகு சிப் கிடைக்காமல் பல தயாரிப்பாளர்கள் ஈஎஸ்எஸ் போன்ற வேறு நிறுவனச் சிப்புக்கு மாறினார்கள், சிலர் பெயரை மாற்றாமலேயே. வெளியே ஒரே பெட்டி, உள்ளே வேறு. இரண்டும் நல்ல நிலையில் இருக்கலாம். பழைய சாமான் வாங்கும்போது விற்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## "உம்ம்னு இரைச்சல், புது டாக்கை மாட்டினதிலிருந்து"

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள்.

பெட்டியே ரீங்கரிக்கிறது, ஸ்பீக்கர் அமைதியாக இருக்கிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. சில நேரம் மட்டும் வருகிறதா? வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். அந்த நிலையில் பல டிரையர்கள் கரண்டின் பாதி அலையை மட்டும் எடுக்கும், அதில் வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர்கள் உறும ஆரம்பிக்கும். டிரையர் நின்றதும் சத்தமும் நின்றால் டாக்குக்கு ஒன்றும் இல்லை. எந்நேரமும் உறுமினால், வாரண்டி இருக்கும்போதே கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஸ்பீக்கரில் வருகிறது. வால்யூமைக் குறைத்து, ஆம்ப்பை அணைத்து, டாக்கின் பின்னால் இருக்கும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி போடுங்கள்.

இரைச்சல் அப்படியே இருந்தால் டாக்கை விட்டுவிட்டு ஆம்ப்பையும் மற்ற இணைப்புகளையும் பாருங்கள்.

இரைச்சல் போய்விட்டதா? ஆர்சிஏவைத் திரும்ப மாட்டி, யுஎஸ்பியை மட்டும் உருவுங்கள். இப்போது அமைதி என்றால் கம்ப்யூட்டர்தான் காரணம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மவுசை நகர்த்தும்போது "சிர்ர், சிர்ர்" என்று கூடவே ஒரு சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம், யுஎஸ்பியின் எர்த் வழியாக ஏறும் சத்தம் அது. ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். ஒளியில் மின்சாரம் பாயாது, அதனால் எர்த் லூப் (இரண்டு கருவிகளின் எர்த் சேர்ந்து உண்டாகும் வட்டம்) அங்கேயே அறுந்துவிடும். டாக்கில் ஆப்டிகல் இல்லையென்றால், மின் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசோலேட்டர் ஒன்று போடலாம். அதை வாங்கும்போது ஹை-ஸ்பீட் யுஎஸ்பிக்கு உரியதா என்று கேளுங்கள். பழைய வகை ஐசோலேட்டர்கள் ஃபுல்-ஸ்பீடு என்ற மெதுவான வகையை மட்டும்தான் தாங்கும், உயர் சாம்பிள் ரேட் ஃபைல்கள் அதில் ஓடாது.

யுஎஸ்பியை உருவியும் இரைகிறதா? நம் வீடுகளில் நான் அடுத்துப் பார்ப்பது டிஷ் கேபிள். கூரையில் இருக்கும் அஸ்ட்ரோ டிஷ்ஷிலிருந்து டிகோடருக்கு வரும் கோஆக்சியல் கேபிள் வேறொரு எர்த்தைக் கொண்டுவரும். டிகோடர் டிவியோடும், டிவி ஆம்ப்போடும் இணைந்திருந்தால் வட்டம் முழுமையாகிவிடும். டிகோடரின் பின்னால் அந்தக் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால், டிவியிலிருந்து ஆம்ப்புக்கு வரும் சத்தத்தை ஆப்டிகலில் கொண்டுவாருங்கள், முடிந்தது. பல வீடுகளில் புது டாக் வந்த பிறகுதான் இந்த இரைச்சல் தெரியவரும். பழைய டாக்குக்கு இரண்டு கம்பி அடாப்டர், எர்த்தே கிடையாது. புதியதற்கு மூன்று முள் பிளக்.

அப்படியும் போகவில்லையென்றால், டாக், ஆம்ப், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டிப் பாருங்கள். பக்கத்தில் டிம்மர் சுவிட்ச், பழைய ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: இரைச்சல் போகிறது என்பதற்காகப் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றாதீர்கள். அப்படிக் கழற்றியதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் முதலில் அதைத்தான் திரும்பப் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் உங்கள் கைக்கு வரும்.

ஒயர்மேனைக் கூப்பிட வேண்டிய இடம்: பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று வருகிறது. ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளிலும் பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலும் சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இல்லாமல் இருக்கலாம். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற ஒயர்மேனை வரவழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். டாக்கை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

## "டிக் டிக்குனு வெட்டுது"

யுஎஸ்பி கேபிளை ஹப்பிலிருந்து எடுத்து நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கத் துளை. கேபிள் 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் மென்பொருளில் பஃபரை (பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவு) கூட்டுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை அணையுங்கள். இந்த நான்கில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஆன்லைன் பாட்டில் மட்டும் வெட்டுகிறது, வன்தட்டில் இருக்கும் ஃபைல் நன்றாக ஓடுகிறது என்றால் வைஃபைதான். லேன் கேபிள் இழுங்கள்.

ஆப்டிகலில், அதுவும் 192 கிலோஹெர்ட்ஸில் மட்டும் வெட்டினால், 96க்கு இறக்கிப் பாருங்கள். பல ஆப்டிகல் துளைகள் 96க்கு மேல் உறுதி இல்லை. கேபிள் சோபாவுக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியிருந்தாலும் இதே கதைதான்.

ஸ்டூடியோ வகை டாக்கில் சரியான இடைவெளியில் ஒரு "டக்" கேட்கிறதா? கிளாக் (டாக் நேரம் பார்க்கும் கடிகாரம்) "இன்டர்னல்" என்று இருக்கும். உள்ளே வரும் சிக்னலைப் பின்பற்றும்படி மாற்றுங்கள்.

பாட்டின் முதல் எழுத்து மட்டும் விழுங்கப்படுகிறது என்றால் அது பழுதில்லை. டாக் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும் வரை தன் வாயை மூடிக்கொள்கிறது. மென்பொருளில் பாட்டுக்கு முன் சிறிது மௌனம் சேர்க்கும் வசதி இருக்கும்.

## "உச்ச ஸ்தாயி காதைக் குத்துது"

எல்லாப் பாட்டிலும், சத்தமான இடங்களில் கரகரப்பு. ஆம்ப்பின் வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு போகவில்லையா? டாக்கின் வால்யூமை 6 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். போய்விட்டால், ஆம்ப்பின் நுழைவாயில் தாங்காத அளவுக்கு வோல்ட் வருகிறது. எக்ஸ்எல்ஆரில் இது சகஜம். டாக்கின் வால்யூமை அங்கேயே விடலாம், இல்லையென்றால் வரிசையில் ஒரு அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு இணைப்பு) மாட்டலாம்.

புதிய, சத்தம் ஏற்றிப் பதிந்த பாட்டுகளில் மட்டும். மென்பொருளில் 3 அல்லது 4 டெசிபெல் குறைத்து அனுப்புங்கள். டிஜிட்டல் பாட்டு எண்களின் வரிசைதான், அலையின் உச்சி அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் வரம்பைத் தாண்டும்போது சில டாக்குகள் அதை வெட்டிவிடும், சிலது இடம் விட்டு வைத்திருக்கும். உறுமி மேளம் போன்ற அடிகளில் இது நன்றாகத் தெரியும். ஒரு டாக்கில் கேட்டு மற்றதில் கேட்காவிட்டால், இது உண்மையான வித்தியாசம். ஒப்பீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பழைய சிடியில் மட்டும். 80களில் வந்த சில சிடிகள் பிரி-எம்ஃபசிஸ் என்ற முறையில், உச்ச ஸ்தாயியைத் தூக்கிப் பதியப்பட்டவை. 20 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தூக்கல் 9 டெசிபெலுக்கு மேல். சிடி பிளேயர் ஒரு குறியைப் படித்து அதைத் திரும்ப இறக்கும். சில டாக்குகள் அந்தக் குறியைக் கவனிக்கும், சிலது கவனிக்காது. ஃபைலாக எடுத்தால் குறியே தொலைந்துவிடலாம். அந்த ஃபைலுக்கு மட்டும் டி-எம்ஃபசிஸ் (தூக்கலைத் திரும்ப இறக்குவது) கொடுத்து மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டாக்கை இதற்காக விற்றுவிடாதீர்கள்.

## "பாட்டுக்குப் பதில் சர்ர்னு மழைச் சத்தம்"

டிஎஸ்டி (ஒரு பிட் முறையில் பதிந்த) ஃபைலா? உடனே ஆம்ப்பின் வால்யூமைக் குறையுங்கள், ட்வீட்டர் (உச்ச ஸ்தாயி தரும் சின்ன ஸ்பீக்கர்) பாவம். டிஎஸ்டியை, சிடியில் இருப்பது போன்ற சாதாரண பிசிஎம் முறையின் உறைக்குள் வைத்து அனுப்பும்போது மென்பொருள் அதில் கைவைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். மென்பொருளின் வால்யூம் 100க்குக் குறைவாக இருக்கக் கூடாது, ஈக்வலைசர் அணைந்திருக்க வேண்டும். டிஎஸ்டி64 என்றாலே 176.4 கிலோஹெர்ட்ஸ் வழி தேவை, ஆப்டிகலில் பெரும்பாலும் போகாது. யுஎஸ்பியிலும் சரிவரவில்லையென்றால் மென்பொருளையே பிசிஎம்மாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

## "இடது பக்கம் மெலிசா இருக்கு"

டாக்கின் பின்னால் இடது, வலது ஆர்சிஏவை மாற்றி மாட்டுங்கள். மெலிவு வலதுக்குப் போனால் டாக்கில் பிரச்சினை. இடதிலேயே நின்றால் கேபிளோ, ஆம்ப்போ, ஸ்பீக்கரோ. அடுத்து கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

டாக்கில்தான் என்றால், உடனே திறக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஆர்சிஏ துளைகளில் பச்சை பூத்துவிடும். காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் தெளித்து, பிளக்கை உள்ளேயே நாலைந்து முறை திருகுங்கள். பிறகு 100 ஹெர்ட்ஸ் டோனில் இரண்டு பக்கத்தையும் அளங்கள். 2.0, 1.6 என்று அப்போதும் விலகி நின்றால் உள்ளே பாகம் போயிருக்கிறது, தொழில்நுட்பரிடம் கொடுங்கள்.

## "நேத்து இடி இடிச்சது, இன்னிக்கு உயிரே இல்லை"

உலகிலேயே இடி மின்னல் அதிகம் உள்ள வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலையில் மேகம் கறுத்தால் பிளக்கை உருவுவது போதாது, லேன் கேபிளையும் டிஷ் கேபிளையும் உருவுங்கள். பல கருவிகள் அந்த வழியில்தான் போகின்றன.

இறந்துபோன டாக்கைப் பார்க்கும் வரிசை இது. முதலில் மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ். போயிருந்தால் அதே அளவில் போடுங்கள், 3 ஆம்பியருக்குப் பதில் 13 போடாதீர்கள். அடுத்து டாக்கின் பின்பக்கம் கரண்டு கேபிள் மாட்டும் இடத்தில் இழுப்பறை போல ஒரு ஃபியூஸ் இருக்கலாம். அடாப்டரில் ஓடும் டாக் என்றால், அடாப்டரை மட்டும் மீட்டரில் அளங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட், பிளஸ்-மைனஸ் இரண்டும் பொருந்த வேண்டும்.

ஜப்பானிலிருந்து பழையதாக வந்த டாக்கா? இடியைக் குற்றம் சொல்லும் முன் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட்டுக்கு உரியது. நம் சாக்கெட்டில் நேரடியாக மாட்டியிருந்தால் காரணம் அதுதான்.

புது ஃபியூஸும் உடனே போனால், கருகிய வாடை வந்தால், பெட்டியைக் குலுக்கும்போது ஏதாவது உருண்டால், அதோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பிளக்கை எடுத்த பிறகும் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். வாரண்டி இருந்தால் வாங்கிய கடை. இல்லையென்றால், புடுவில் ஜாலான் பாசார் பக்கம் உதிரிபாகக் கடைகளில் விசாரித்தால் பழுது பார்ப்பவர் கிடைப்பார். பவர் சப்ளை மட்டும் போயிருந்தால் செலவு தாங்கும். டாக் சிப்போ யுஎஸ்பி போர்டோ போயிருந்தால், வேலையைத் தொடங்கும் முன் தயாரிப்பாளரிடம் மாற்று போர்டு விலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: எந்த நேரம் நின்றது, எந்தெந்தக் கேபிள் அப்போது மாட்டியிருந்தது, எந்த ஃபியூஸ் மாற்றினீர்கள், மீட்டர் என்ன காட்டியது. பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை அவருக்கு முடிந்திருக்கும்.